கார்பன் மோனாக்சைடு நச்சும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சையின் அபாயங்களும்

உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்பது, நோயாளியை இறுக மூடிய அறைக்குள் வைத்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயர்த்தி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் மருத்துவ முறை. ஆழ்கடலில் மூழ்கி வேலை செய்வோருக்கு வரும் அழுத்தத்தளர்வு நோயோடு சேர்ந்து வளர்ந்த இந்த முறை, கார்பன் மோனாக்சைடு வாயுவால் நச்சேறியவர்களுக்கும் அளிக்கப்படுகிறது. இந்த நச்சுக்கு இதுதான் உயர்ந்த சிகிச்சை, இது கிடைக்காவிட்டால் நோயாளிக்கு வழியில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை நிலை வேறு. இந்தச் சிகிச்சையால் எவ்வளவு பயன் என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் இதன் அபாயங்கள் நன்கு அறியப்பட்டவை. சிகிச்சை அறை பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

வாயு உடலில் செய்வது

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்கும் தன்மையும் இல்லை. விறகு, கரி, பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு எதுவானாலும் போதிய காற்றின்றி எரியும்போது இது உண்டாகிறது. புகையாவது கண்ணுக்குத் தெரியும். புகை அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும் கரி நெருப்பு தெளிவாகத் தெரிவதால்தான் ஏமாற்றுகிறது.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகக் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. இப்படி உண்டாகும் சேர்மம் கார்பாக்சிஹீமோகுளோபின் எனப்படும். அந்த அளவுக்கு ஆக்சிஜனைச் சுமக்க இடமில்லாமல் போகிறது. மீதியுள்ள ஹீமோகுளோபினும் தான் சுமக்கும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதோடு இந்த வாயு இதயத் தசையிலும், செல்களின் உள்ளே ஆற்றலை உண்டாக்கும் நொதிகளிலும் ஒட்டிக்கொள்கிறது. மூளையில் அழற்சியைத் தூண்டுகிறது. இரத்தத்திலிருந்து வாயு நீங்கிய பிறகும் கெடுதல் தொடர இதுவே காரணம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு என்று தொடங்குவதால் பித்தம், காய்ச்சல், உணவு ஒவ்வாமை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் அல்லது ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே வந்ததும் குறைந்தால் இந்த வாயுவை முதலில் நினைக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே பெரும் பொய் சொல்லும். அந்தக் கருவியால் கார்பாக்சிஹீமோகுளோபினை, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினிலிருந்து பிரித்தறிய முடியாது. இரத்தத்தின் மூன்றில் ஒரு பங்கை நச்சு பிடித்திருந்தாலும் திரையில் 98 என்று காட்டலாம். சரியான அளவை அறிய, இதற்கென்றே உள்ள இரத்தவாயுப் பரிசோதனைக் கருவி வேண்டும்.

தென்னிந்தியாவில் நேர்ந்தவை

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற 8 பேர் விடுதி அறையொன்றில் இறந்தனர். குளிருக்காகக் கதவு சன்னல்களை அடைத்து, எரிவாயு ஹீட்டரை ஏற்றிவைத்திருந்தனர். இறந்தவர்களில் 4 பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கோழி சுட்ட பார்பிக்யூ அடுப்பின் கரியை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர்கள் இருவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிவந்த கார்பன் மோனாக்சைடே காரணம் எனப் பின்னர் ஆய்வில் தெரிந்தது.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. உறக்கத்திலேயே நச்சேறியவர்களை மற்றவர்கள் கண்டபோது நேரம் கடந்துவிட்டது. உலகின் மிகச் சிறந்த அழுத்த அறை பக்கத்துத் தெருவில் இருந்திருந்தாலும் இவர்களுக்கு அது பயன்பட்டிருக்காது. இந்த நச்சால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருமுன்பே இறந்துவிடுகிறார்கள். உயிரோடு வந்து சேர்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆக்சிஜனாலேயே பிழைக்கிறார்கள். ஆகவே அழுத்த அறை பற்றிய விவாதம் பெரும்பாலும் உயிரைப் பற்றியது அல்ல. பிழைத்தவரின் நினைவாற்றல், கவனம், நடை, மனநிலை ஆகியவை பின்னாளில் கெடாமல் காக்க முடியுமா என்பதைப் பற்றியது. அபாயங்களை எடைபோடும்போது தராசின் மறுதட்டில் இருப்பது இதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடையநல்லூருக்கும் பண்பொழிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள அச்சன்புதூரிலும் அதைச் சுற்றியுள்ள தென்காசி மாவட்டத்து ஊர்களிலும் பனிமலைக் குளிர் இல்லை. ஆனால் வாயு உண்டாகும் வழிகள் உண்டு. சாரல் நாட்களில் சாத்திய அறைக்குள் ஏற்றும் கரி நெருப்பு, காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசர், மின்சாரம் நின்றதும் கடைக்குள்ளேயே ஓடவிடும் ஜெனரேட்டர், கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் எண்ணெய் மோட்டார், செங்கல் சூளை ஆகிய எதுவும் போதும். பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் அடைத்த அறையில் வைத்துச் சாம்பிராணி போடும் வழக்கத்திலும், மணக்கும் புகையைவிட அதன் கீழே கனலும் கரியே கவனிக்க வேண்டியது. குற்றாலத்தில் சீசன் சமயத்தில் விடுதி எடுக்கும் குடும்பங்கள், குளியலறையில் இருப்பது மின்சாரக் கீசரா எரிவாயுக் கீசரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அழுத்த அறை எப்படி வேலை செய்கிறது

கார்பன் மோனாக்சைடு நச்சை வெளியேற்றுவது ஆக்சிஜன்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், இரத்தத்திலுள்ள நச்சின் அளவு பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். காற்றுப்பை பொருத்திய, முகத்தோடு இறுகப் படியும் மாஸ்க் வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் இது 60 முதல் 90 நிமிடமாகக் குறைகிறது. 3 வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடம் போதும்.

இன்னொரு பயனும் உண்டு. அழுத்தம் கூடும்போது ஆக்சிஜன், இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே நேரடியாகக் கரைகிறது. சாதாரண நிலையில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் இப்படிக் கரைந்திருக்கும். 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது ஏறக்குறைய 6 மில்லிலிட்டராகிறது. ஓய்வாக இருக்கும் உடலின் தேவைக்கு இதுவே போதும். ஹீமோகுளோபின் முழுவதும் நச்சிடம் சிக்கியிருந்தாலும் உடல் பிழைத்திருக்கும் என்பது இதன் பொருள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இதை 1895ஆம் ஆண்டிலேயே எலிகளைக் கொண்டு காட்டினார். கார்பன் மோனாக்சைடு கலந்த சூழலிலும், ஆக்சிஜனின் அழுத்தம் உயர்ந்திருந்தபோது அவை உயிரோடிருந்தன. மனிதர்களுக்கு இந்த முறையைக் கையாண்ட தொடக்க அறிக்கை 1960இல் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. அடுப்பெரிக்க நிலக்கரி வாயு குழாய் வழியாக வீடுகளுக்கு வந்த காலம் அது. அந்த வாயுவிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது.

அறைகள் இரண்டு வகைப்படும். ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடிக் குழாய் போன்றது ஒன்று. அது பெரும்பாலும் முழுவதும் ஆக்சிஜனால் நிரப்பப்படும். பலர் உட்காரும் இரும்பு அறை மற்றது. அதை அழுத்தப்பட்ட காற்றால் நிரப்பி, நோயாளிக்கு மாஸ்க் அல்லது தலைக்கவசம் வழியாக ஆக்சிஜன் தருவர். இந்த வேறுபாடு அபாயங்களைப் பேசும்போது முக்கியமாகிறது.

காதும் நுரையீரலும்

மிகச் சாதாரணமாக நேரும் தீங்கு காதில்தான். 3 வளிமண்டல அழுத்தம் என்பது, நீர் நிறைந்த கிணற்றில் 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியதற்குச் சமம். நடுச்செவியில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்குப் பழகிப்போன வலி இது. விழித்திருப்பவர் எச்சிலை விழுங்கியோ மூக்கைப் பொத்தி ஊதியோ சமாளிக்கலாம். நச்சேறி மயங்கிக் கிடப்பவரால் அது முடியாது. வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. செவிப்பறை கிழிந்த பிறகே தெரியவரும். இதனால் நினைவற்ற நோயாளிக்குச் சில மையங்களில் முன்கூட்டியே செவிப்பறையில் சிறு துளை இடுகிறார்கள். சளி பிடித்தவருக்கு முகத்து எலும்புக்குழிகளிலும் இதே வலி வரும்.

அழுத்தம் ஏறும்போது காது, இறங்கும்போது நுரையீரல். சுருங்கியிருந்த காற்று இப்போது விரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டாலோ, சளி அடைப்பாலோ ஆஸ்துமாவாலோ காற்று ஓரிடத்தில் சிக்கிக்கொண்டாலோ நுரையீரல் கிழியலாம். மார்புக்கூட்டில் ஏற்கெனவே காற்றுக் கசிவு இருந்து அதற்குக் குழாய் போடாதவரை அறைக்குள் அனுப்பவே கூடாது என்பது இத்துறையில் மாற்றுக்கருத்தில்லாத விதி. தீ விபத்தில் புகை குடித்து, மாடியிலிருந்து குதித்தும் வந்தவருக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அழுத்த அறையை நினைக்க முடியாது.

இதயம் பலவீனமானவருக்கு இன்னொரு சிக்கல். உயர் ஆக்சிஜன் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்தின் சுமையைக் கூட்டுகிறது. நுரையீரலில் நீர் கோக்கலாம். கார்பன் மோனாக்சைடு இதயத் தசையையே தாக்கும் நச்சு என்பதால் இது ஏட்டளவிலான கவலை அல்ல. நீரிழிவு உள்ளவருக்குச் சிகிச்சையின்போது இரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும். பல வாரங்கள் தினமும் இந்தச் சிகிச்சை பெறுவோருக்குக் கிட்டப்பார்வை உண்டாகிப் பிறகு சரியாவது உண்டு. ஒன்றிரண்டு முறையோடு முடியும் கார்பன் மோனாக்சைடு நோயாளிகளுக்கு அது பொருட்டல்ல.

வலிப்பு

உயிர்தரும் ஆக்சிஜனே அளவு மீறினால் மூளைக்கு நஞ்சாகும் என்பதைப் பிரான்சு அறிஞர் பால் பெர் 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். உயர்ந்த அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசித்த விலங்குகளுக்கு வலிப்பு கண்டது. மனிதரில் உதடு துடிப்பது, காதில் இரைச்சல், பார்வை குறுகுவது, குமட்டல் ஆகியவை முன்னறிகுறிகள். சில வேளைகளில் எந்த அறிகுறியும் இல்லாமல் நேரே வலிப்பு வரும்.

ஆறாத புண்ணுக்காகவோ கதிர்வீச்சுப் பாதிப்புக்காகவோ அறைக்குள் போகிறவர்களுக்கு இது மிக அரிது. கார்பன் மோனாக்சைடு நோயாளிகளுக்கு அந்த அளவுக்கு அரிதல்ல. இவர்கள் மூளை ஏற்கெனவே அடிபட்டது. இவர்களுக்குத் தரப்படும் அழுத்தமும் மற்றவர்களுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் உயர்ந்தது. 2.4 வளிமண்டலத்திலிருந்து 3 வளிமண்டலத்துக்குப் போகும்போது வலிப்பின் வாய்ப்பு பல மடங்காகிறது. நச்சினால் வந்த வலிப்பா, மருந்தாகக் கொடுத்த ஆக்சிஜனால் வந்த வலிப்பா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்வதும் கடினம்.

வலிப்பு வந்தால் செய்யவேண்டியது எளிதாகத் தோன்றும்: மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கவிட வேண்டும். செய்யக்கூடாதது, பதறி உடனே அழுத்தத்தை இறக்குவது. வலிப்பில் தொண்டை இறுகி மூச்சு அடைபட்டிருக்கும். அப்போது அழுத்தத்தைக் குறைத்தால் உள்ளே சிக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கும் உறவினர்களுக்கு, கதவைத் திறக்காமல் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் தாங்க முடியாதவையாக இருக்கும். வலிப்பைத் தவிர்க்க, 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்சிஜனை நிறுத்திச் சில நிமிடம் காற்று கொடுப்பது வழக்கம்.

கை எட்டாத நோயாளி

ஒருவர் மட்டும் படுக்கும் அறையில் நோயாளியைத் தொட முடியாது. வாந்தி எடுத்தாலும், மூச்சுத் தடுமாறினாலும், இதயம் நின்றாலும், அழுத்தத்தை இறக்கிக் கதவைத் திறந்த பிறகுதான் கை வைக்க முடியும். நலமாக நடந்து வருபவருக்கு இது பெரிய விஷயமில்லை. நச்சேறி, இரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த இடைவெளி உயிர்ப் பிரச்சினை.

சின்னச் சின்னக் கருவிகளும் அழுத்தத்தில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். மூச்சுக்குழாயில் செருகிய குழாயை நிலைநிறுத்தும் பலூனில் காற்று இருந்தால் அது சுருங்கிக் குழாய் தளர்ந்துவிடும். ஆகவே காற்றை எடுத்து உப்புநீர் நிரப்புகிறார்கள். சொட்டுமருந்து இறங்கும் வேகம் மாறும். செயற்கைச் சுவாசக் கருவியும் இந்தச் சூழலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தீவிர சிகிச்சை நோயாளிக்குச் சிகிச்சை தரும் அறை, புண் ஆற்றும் அறையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ‘எங்களிடம் ஹைப்பர்பேரிக் இருக்கிறது’ என்று விளம்பரம் செய்யும் எல்லா இடங்களும் இந்த வேலைக்கு ஆகாது.

பலர் உட்காரும் அறையில் செவிலியரோ மருத்துவரோ உடன் இருக்கலாம். ஆனால் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் அவர்களுக்கு, வெளியே வரும்போது கடலடி மூழ்குவோருக்கு வரும் அதே அழுத்தத்தளர்வு நோய் வரக்கூடும்.

தீ

அரிதானது, நேர்ந்தால் தப்புவது கடினம். ஆக்சிஜன் மிகுந்த சூழலில் துணி, மயிர், எண்ணெய் எல்லாம் வெடிப்பதைப்போல் எரியும். 1967 ஜனவரி 27 அன்று தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் நிரப்பிய அப்பல்லோ 1 விண்கலத்துக்குள் மூன்று விண்வெளி வீரர்கள் தீக்கிரையானது இதன் கொடூரத்தை உலகுக்குக் காட்டியது. மருத்துவ அறைகளும் விலக்கல்ல. 1923 முதல் 1996 வரை அழுத்த அறைகளில் நேர்ந்த 35 தீ விபத்துகளில் 77 பேர் இறந்ததாக ஒரு தொகுப்பு கணக்கிட்டுள்ளது. அந்தக் கணக்கு முடிந்த மறு ஆண்டே, 1997 அக்டோபர் 31 அன்று, இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் அறைக்குள் இருந்த 11 பேரும் இறந்தனர். கையைச் சூடாக்கிக்கொள்ள நோயாளி ஒருவர் உள்ளே கொண்டுபோன சிறு கருவியே தீப்பிடிக்கக் காரணமாகக் கருதப்பட்டது. 2025 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராய் நகரத் தனியார் மையமொன்றில், ஒருவர் படுக்கும் அறையில் தீப்பிடித்து 5 வயதுச் சிறுவன் இறந்தான்.

இதனால்தான் உள்ளே போகுமுன் பருத்தி உடை மட்டும் உடுத்தச் சொல்கிறார்கள். பாலியஸ்டர், நைலான் சேலை கூடாது. உராய்வில் மின்பொறி எழும். செல்போன், கைக்கடிகாரம், காதுக்கருவி, லைட்டர் எதுவும் கூடாது. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், நெற்றியில் பூசிய தலைவலித் தைலம், வாசலின், சென்ட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்த பிறகே அனுமதி. தலைவலியோடு வருபவர் தைலம் பூசாமல் வருவது நம் ஊரில் அபூர்வம் என்பதால் இதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைவு என்னும் அபாயம்

மருத்துவ நூல்களின் பக்கவிளைவுப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத அபாயம் ஒன்று உண்டு: நோயாளியை அறை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. இந்தியாவில் இத்தகைய அறைகள் கடற்படை மருத்துவமனைகளிலும் பெருநகரங்களின் சில மருத்துவமனைகளிலுமே உள்ளன. இருப்பவற்றில் பலவும் பகல் நேரத்தில், முன்பதிவு செய்தவர்களுக்காக இயங்குபவை. நள்ளிரவில் மயங்கிய நிலையில் வருபவரை ஏற்கும் வசதி அவற்றிலும் குறைவு.

தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்சில் போனாலும் ஏறக்குறைய 10 மணி நேரம். ஒருவருக்கு நச்சின் அளவு 40 விழுக்காடு இருப்பதாகக் கொள்வோம். அச்சன்புதூரிலிருந்து தென்காசி அரசு மருத்துவமனைக்கு வந்து, சரியான மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் பெற்றால், பாதியாகக் குறையும் நேரத்தை 90 நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்றரை மணி நேரத்தில் 20, மூன்று மணி நேரத்தில் 10, ஆறு மணி நேரத்தில் 2.5 விழுக்காடு. வண்டி சென்னையைத் தொடும்போது இரத்தத்தில் நச்சு ஏறக்குறைய இல்லை. வாயுவை விரைவாக வெளியேற்றுவது என்ற அழுத்த அறையின் முதல் வேலையை மாஸ்க்கே வழியில் முடித்துவிட்டது. மூளை அழற்சியைத் தணிப்பது என்ற இரண்டாவது வேலை மட்டுமே பாக்கி. அதற்கும் முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

அந்தக் கணக்கும், வழி முழுதும் ஆக்சிஜன் தடைபடாமல் கிடைத்தால்தான் சரி. நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் மணிக்கு 900 லிட்டர். 10 மணி நேரத்துக்கு 9,000 லிட்டர். 1,500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டர் 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெரிய டி வகைச் சிலிண்டரில் 7,000 லிட்டர். அதுவும் ஒன்று போதாது. சிலிண்டரை மிச்சம் பிடிக்க மூக்குக் குழாயில் 4 லிட்டராகக் குறைத்து ஓட்டினால், அழுத்த அறையைத் தேடிப் போகும் பயணமே நோயாளிக்கு உரிய சிகிச்சையைப் பறித்துவிடுகிறது. வழியில் வாந்தி, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வந்தால் ஓடும் வண்டியில் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஆரியங்காவு வழியே 110 கிலோமீட்டர்தான் என்றாலும், அங்கே எந்த மருத்துவமனை அந்த நேரத்தில் அறையைத் திறந்து வைத்திருக்கிறது என்று தொலைபேசியில் உறுதி செய்யாமல் மலைப்பாதையில் கிளம்புவது சரியாகாது.

ஆய்வுகள் சொல்வது

இவ்வளவு அபாயத்தையும் ஏற்கத்தக்க பயன் உண்டா? இங்கேதான் சிக்கல். 1999இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 191 பேரிடம் நடந்த ஆய்வில் அழுத்த அறையால் பயன் இல்லை என்று தெரிந்தது. அறைக்குள் போனவர்களின் நிலை சில சோதனைகளில் மோசமாகவும் இருந்தது. ஆனால் பங்கேற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு மாதத்துக்குப் பிறகான பரிசோதனைக்கு வரவில்லை. பலர் மனச்சோர்வில் இருந்தவர்கள் என்பதால் நினைவாற்றல் தேர்வின் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வியும் எழுந்தது.

2002இல் அமெரிக்காவில் லிண்டல் வீவர் குழுவினர் 152 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை அழுத்த அறைச் சிகிச்சையும், மறு பிரிவுக்கு அறைக்குள்ளேயே சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜனும் தந்தனர். யார் எதைப் பெறுகிறார் என்று நோயாளிக்குத் தெரியாது. 6 வாரம் கழித்து நினைவு, கவனக் குறைபாடு முதல் பிரிவில் 25 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 46 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அழுத்த அறையை ஆதரிப்போர் இன்றும் முதலில் எடுத்துக்காட்டும் ஆய்வு இது.

2011இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு நிலைமையை மறுபடி குழப்பியது. சற்றுநேரம் மட்டும் நினைவிழந்தவர்களுக்கு ஒருமுறை அழுத்த அறையில் வைத்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர்களில் ஒருமுறை சிகிச்சை பெற்றவர்கள் 68 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினர். இருமுறை பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரே தேறினர். கூடுதல் மருந்து கூடுதல் நன்மை என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி. அதே ஆண்டு காக்ரேன் அமைப்பு 6 ஆய்வுகளில் பங்கேற்ற 1,361 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, பயன் நிறுவப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

வழிகாட்டு நெறிகளும் இதற்கேற்ப இருவேறாக நிற்கின்றன. 2016இல் கூடிய ஐரோப்பிய உயரழுத்த மருத்துவ மாநாடு, நினைவு தவறியவர்கள், நரம்பு அல்லது இதயப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைத்தது. 2017இல் அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி, அழுத்த அறையோ மாஸ்க் ஆக்சிஜனோ எதையும் பயன்படுத்தலாம், எது மேல் என்பது தெளிவாகவில்லை என்றது.

கர்ப்பிணிகள்

கர்ப்பிணிகளின் நிலை தனியாகப் பேச வேண்டியது. கருவின் ஹீமோகுளோபின் இந்த நச்சை இன்னும் இறுகப் பற்றுகிறது. தாயின் இரத்தத்திலிருந்து நீங்கிய பிறகும் கருவிலிருந்து மெதுவாகவே நீங்குகிறது. தாய்க்குத் தலைவலி மட்டுமே இருக்கும்போது கருவுக்குக் கடுமையான பாதிப்பு இருக்கலாம். எனவே தாய்க்கு நச்சின் அளவு குறைந்திருந்தாலும் அழுத்த அறையைப் பரிந்துரைக்கும் மருத்துவர்கள் பலர். மேலே சொன்ன வீவர் ஆய்வில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை; அவர்களுக்கான முடிவு நேரடிச் சான்றைவிட மருத்துவரின் அனுபவத்தையே சார்ந்தது. அறை கிடைக்காத இடத்தில் மாஸ்க் ஆக்சிஜனைத் தாய்க்கு அறிகுறி மறைந்த பிறகும் பல மணி நேரம் நீட்டிப்பது வழக்கம்.

மென்கூடுகள்

அழகு நிலையங்களிலும் ‘நலவாழ்வு’ மையங்களிலும் காற்றடைத்த பை போன்ற மென்கூடுகள் இதே பெயரில் விற்கப்படுகின்றன. இவை 1.3 வளிமண்டலத்துக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. உள்ளே இருப்பது வெறும் காற்று. காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால், 1.3 மடங்கு அழுத்தத்தில் கிடைப்பது 27 விழுக்காடு ஆக்சிஜனைச் சாதாரண அழுத்தத்தில் சுவாசிப்பதற்குச் சமம். மருத்துவமனையின் மாஸ்க் இதைப்போல் மூன்று மடங்கு தருகிறது. கார்பன் மோனாக்சைடு நச்சேறியவரை இத்தகைய கூட்டுக்குக் கொண்டுபோவது, இருக்கும் சிகிச்சையையும் இழக்கச் செய்வதாகும்.

முதல் சில நிமிடங்களும் பின்வரும் வாரங்களும்

நச்சேறியவரைக் கண்டால் உள்ளே போகிறவரும் விழுந்துவிடாமல் மூச்சை அடக்கிக் கதவு சன்னல்களைத் திறந்து, ஆளை வெளியே இழுத்து, 108க்கு அழைத்து, ‘கரி நெருப்பு இருந்த அறை’, ‘ஜெனரேட்டர் ஓடியது’ என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிணறு அல்லது குழிக்குள் ஆள் விழுந்திருந்தால் தீயணைப்புத் துறை வருமுன் இன்னொருவர் இறங்கக்கூடாது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தடுத்து இறப்பது இத்தகைய விபத்துகளில் அடிக்கடி நேர்வது. மருத்துவமனையில் ஆக்சிமீட்டர் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆக்சிஜனை நிறுத்திவிடாமலிருக்க, உடன் வந்தவர் சொல்லும் அந்தக் காரணமே பலநேரம் உதவுகிறது.

நினைவு தெளிந்து வீடு திரும்பியவருக்குச் சில நாட்கள் முதல் 40 நாள் வரை கழித்துப் புதிய தொல்லைகள் தோன்றலாம். பெயர்கள் மறப்பது, கணக்கு தப்புவது, நடை தளர்வது, சிறுநீர் அடக்க முடியாமை, காரணமின்றி எரிந்துவிழுவது அல்லது ஒன்றிலும் ஈடுபாடில்லாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவை அவற்றில் சில. அழுத்த அறைக்குப் போய்வந்தவர்களுக்கும் இது வருவதுண்டு. வீட்டார் இதை வயதின் கோளாறு என்றோ மனக்கவலை என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை மாதத்துக்குள் இப்படி எது தென்பட்டாலும், பழைய சிகிச்சைச் சீட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருநெல்வேலி வரை போகவேண்டியிருந்தாலும் இந்தப் பயணத்துக்கு அவசர வண்டி தேவையில்லை, பேருந்தே போதும். இவர்களில் பலர் மாதக்கணக்கில் மெல்லத் தேறுகிறார்கள். சிலருக்குக் குறை நிலைத்துவிடுகிறது.